துணைக்கால்

பரசுராமன் சாருக்கு வட்டம் போடத் தெரியும் என்பதே எங்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிய வந்தது. எட்டு வருஷமாக அந்த மனுஷர் போட்டுப் பார்த்ததெல்லாம் சத்தம்தான்.

காலை எட்டரை மணி. நான் செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கடையின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. முந்தின நாள் சாயங்காலம் சிசிடிவியில் பதிவானது. இரண்டாம் மாடி, மூன்றாம் கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால் ஒரு காலி அட்டைப்பெட்டி, அதன்மேல் ஏஞ்சல். ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். கீழே மேனேஜர் பரசுராமன் எழுதியிருந்தார்: 'வேலை நேரத்தில் ஓய்வு. எல்லோரும் பார்த்துக்கொள்ளவும்.'

பார்த்துக்கொண்டோம்.

எங்களுடையது பட்டுப் புடவைக் கடை. பெயரைச் சொல்லமாட்டேன். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை எது என்று கேட்டால் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஒன்று இருக்கும், நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை போட்டிருக்கும். வாடிக்கையாளர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். சீனியர் சேல்ஸ்மேன்கள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் புடவைகூடச் சொகுசாகக் கிடக்கும். அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற, தோளில் போட்டுக் காட்டுகிற, திரும்ப மடித்து வைக்கிற பெண்கள் பதினைந்து பேர் மட்டும் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நிற்போம். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து வருஷக்கணக்காகிறது. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருந்தது. யாராவது அதிகாரி வந்தால் காட்டுவதற்காக வாங்கி, பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காமல் கோடவுனில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஏஞ்சலுக்கு இருபத்து நாலு வயது. முசரவாக்கத்திலிருந்து வருகிறவள். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள். புடவை மடிப்பதில் கடையிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. முந்தி வெளியே தெரியும்படி அவள் மடித்து வைத்தால் இஸ்திரி போட்ட மாதிரி நிற்கும். அந்தத் திங்கட்கிழமை முகூர்த்தக் கூட்டம், அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. நாலு நிமிஷம் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்தாள்.

அந்தப் படம் வந்தபோது அவள் பஸ்ஸில் இருந்தாள், அங்கேயும் நின்றுகொண்டுதான். பதில் எழுத ஆரம்பித்தாள். 'கால் வலிச்சுது' என்று எழுத நினைத்தாளாம். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, விரல் தப்பியது. க விழவில்லை. அதற்குப் பக்கத்தில் போடுகிற கால் மட்டும் விழுந்தது. அப்படியே அனுப்பும் பொத்தானிலும் விரல் பட்டுவிட்டது. குரூப்பில் இப்படி வந்தது:

◌ா

எழுத்தில்லாமல் கால் மட்டும் போட்டால் போன் தானாக ஒரு புள்ளி வட்டத்தைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும். அவள் திருத்தி எழுதுவதற்குள் பரசுராமன் சார் அவளைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார். அன்றைக்கு ஏஞ்சல் குரூப்பில் கடைசியாகப் பேசியது அந்த ஒற்றைக் கால்தான்.

கடைக்கு வந்தவளை மாடியேற விடவில்லை. கீழேயே ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "தெரியாம உக்காந்துட்டேன், இனிமே உக்கார மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு மேல போ."

"தெரியாம எப்டி சார் உக்கார முடியும்?" என்று கேட்டாள் ஏஞ்சல். "தெரிஞ்சுதான் உக்காந்தேன்."

"அப்ப வூட்டுக்குப் போ. சனிக்கிழம வரைக்கும் டைம். லெட்டர் வரலன்னா ஞாயித்துக்கிழம புதுப்பொண்ணு வந்துடும்."

அவள் தாளைத் தொடாமல் திரும்பிப் போனாள். போகிறபோது நொண்டினாள். எனக்கு இதுதான் ஆறவேயில்லை.

மத்தியானம் குரூப்பைத் திறந்து அந்த ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதற்குத் துணைக்கால் என்று பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது ஒரு ஸ்டூல். மேலே ஒரு பலகை, கீழே கால்கள். பக்கத்திலேயே வட்டம், அதுவும் பரசுராமன் சார் போட்ட அதே வட்டம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நானும் '◌ா' என்று போட்டேன். எதற்குப் போட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மீதிப் பதின்மூன்று பேரும் போட்டுவிட்டார்கள்.

பரசுராமன் சார் பதில் போட்டார்: 'டைப் பண்ணத் தெரியாவிட்டால் சும்மா இருக்கவும்.'

அன்று சாயங்காலம் ஏஞ்சலிடம் கேட்டுக்கொண்டு, அவள் முகத்தை மறைத்து, அந்தச் சிவப்பு வட்டப் படத்தை என் சமூக வலைப் பக்கத்தில் போட்டேன். நடந்ததை நாலு வரியில் எழுதி, கீழே #துணைக்கால் என்று ஒரு ஹேஷ்டேக் சேர்த்தேன். என்னை மொத்தம் நூற்று நாற்பது பேர் பின்தொடர்கிறார்கள், அதில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். பெரிசாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நின்று நின்று கால் செத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள் போல. புதன்கிழமை காலை கண் விழித்தால் சேலத்தில் ஒரு நகைக்கடைப் பெண் தன் உள்ளங்கையில் பேனாவால் துணைக்கால் வரைந்து படம் போட்டிருந்தாள். ஓசூரில் பில் போடுகிற ஒருத்தி வீங்கின பாதத்தின் பக்கத்தில் அதை வரைந்திருந்தாள். மதுரையில் ஒரு பாத்திரக்கடை ஆட்கள் ஆறு பேர் வரிசையாக ஆறு உள்ளங்கை. பேரில்லை, முகமில்லை, கை மட்டும். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க, நாங்கள் பதினைந்து பேர் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரு அழகுக் குறிப்பு அம்மாள் கன்னத்தில் துணைக்கால் வரைந்து, உதட்டைக் குவித்து வீடியோ போட்டாள். அதற்கு மட்டும் பன்னிரண்டாயிரம் இதயம் விழுந்ததாம். கோடவுனிலிருந்து ஒரு ஸ்டூல் விழவில்லை.

கடைக்கும் வாசனை எட்டிவிட்டது. என் பெயரைச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனால் புதன்கிழமையிலிருந்து வாசலில் ஒரு மரப்பெட்டி. வேலைக்கு வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மூன்றாம் கவுண்டர் காலியாகவே இருந்தது. சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான். எனக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கங்கையம்மாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கீழ்த்தளத்தில் பின்னறையில் உட்கார்ந்து, வருகிற புடவைக்கெல்லாம் அட்டை கட்டுவது அதன் வேலை. நூல் கோத்த சின்ன அட்டையில் நம்பர், ரகம், விலைக் குறி எல்லாம் எழுதிப் புடவையின் ஓரத்தில் முடிச்சுப் போடும். கடையில் அதற்கு டேக் என்று பேர். வருஷம் இருபத்தைந்து ஆகிறது. கையில் பட்டன் போன்தான்.

"இன்னாடி துளசி, மூஞ்சே சரியில்ல? அந்தப் பொண்ணு வருமா வராதா?"

"வெளியில எல்லாரும் அவளுக்காக டேக் போட்டுக்கினு இருக்காங்கக்கா. எவ்ளோ பேரு டேக் போடறாங்களோ அவ்ளோ நமக்கு பலம். இங்க நாமதான் போனக் குடுத்துட்டு உக்காந்திருக்கோம்."

"டேக்கா? யாரு வேணாப் போடலாமா?"

"யாரு வேணாப் போடலாம்."

"நானு?"

"நீயும்தான் போடேன். வூட்டுக்குப் போயி உன் புள்ளையாண்ட சொல்லு." சோற்றில் கவனமாக இருந்ததால் அது எந்த டேக்கைச் சொல்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

"இன்னா எழுதணும்?"

டிபன் பாக்ஸ் மூடியில் ரசத்தைத் தொட்டு வரைந்து காட்டினேன். ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு துணைக்கால்.

"இவ்ளோதானா?" என்றது. கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தது. "எனக்கு உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. உங்களுக்கு நின்னு நின்னு காலு போச்சு. இந்தக் கடையில முழுசா ஒரு ஆள் இல்ல போ."

நான் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். சத்தியமாக அதை அப்போதே மறந்தும்விட்டேன்.

வியாழக்கிழமையிலிருந்து மாடிக்கு வந்த ஒவ்வொரு புடவையின் டேக்கிலும் நீல மையில் ஒரு துணைக்கால் இருந்தது. வட்டம் வரையவில்லை. டேக்கில் நூல் கோக்க ஓட்டை இருக்கிறதே, அதுவே வட்டம். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு கால். போனில் விழுகிற மாதிரியே இருந்தது.

முதல் டேக்கைப் பார்த்தபோதுதான், அக்கா கேட்டது எந்த டேக்கை என்று எனக்கு உறைத்தது. கீழே ஓடிப் போய்த் தடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷம், எதற்குத் தடுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் புடவையைத் தோளில் போட்டு, டேக் நன்றாகத் தெரியும்படி காட்டினேன்.

கடைக்காரர்களுக்கு டேக்கில் எது இருந்தாலும் சந்தேகம் வராது. எல்லாமே சங்கேதம்தானே, கடைப் பாஷையில் கோடு. பில் போடுகிற விக்ரம் மட்டும் பரசுராமன் சாரிடம் கேட்டிருக்கிறான். "சார், புதுசா ஒரு கால் போட்டு வருது. இன்னா கோடு? கால் பங்கு தள்ளுபடியா?"

தெரியாது என்று சொல்ல பரசுராமன் சாருக்கு வாய் வராது. "தள்ளுபடியெல்லாம் இல்ல. அது மேல இருந்து வந்த கோடு. நீ பில்லப் போடு" என்று சொல்லிவிட்டார்.

மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டதால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் துணைக்கால் கூறைப்புடவையோடு ஜம்மென்று வீடு வீடாகப் போயிற்று. வாங்கினவர்கள் வீட்டில் போன் பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்களே. ஒரு பெண் தன் நிச்சயதார்த்தப் புடவையின் டேக்கைப் படம் எடுத்து, 'எங்கள் கடை அந்தப் பெண் பக்கம்' என்று போட்டாள். இன்னொருத்தி, 'வேலை செய்கிறவர்களை உட்கார வைக்கும் பட்டுக்கடை, காஞ்சிபுரம் போனால் இங்கே வாங்குங்கள்' என்று கடையின் பெயரையே போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் எங்கள் முதலாளி புண்ணியவானாகிவிட்டார். அவருக்குத்தான் சேதி தெரியாது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தார். கையில் போன். முகத்தில் பாதிச் சிரிப்பு, பாதிக் குழப்பம். மெத்தையில் நாலு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நான் திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"பரசு, காலையில இருந்து ஆளாளுக்கு போன் பண்ணி வாழ்த்துறான். இது இன்னாய்யா டேக்ல?"

"மேல இருந்து வந்த கோடுன்னு நெனச்சேன் ஐயா."

"மேலன்னா நான்தானேய்யா? எனக்கு மேல மொட்டை மாடிதான் இருக்குது."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கங்கையம்மாளைக் கூப்பிடச் சொன்னார். அது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தது. கழுத்தில் கத்தரிக்கோல் கயிற்றில் தொங்கியது.

"யாரு உன்ன இத எழுதச் சொன்னது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"டேக் போட்டா அந்தப் பொண்ணுக்கு பலம்னு ஊரே பேசுதுங்க. எனக்குத் தெரிஞ்ச டேக்கு இதான். இருபத்தஞ்சு வருசமா இதத்தான் போடறேன். அதுல போட்டேன்."

முதலாளி குரலைத் தணித்தார். "எல்லாத்தையும் வெட்டு. இப்பவே. வேற டேக் கட்டு."

அக்கா அசையவில்லை. பரசுராமன் சார் அதன் கழுத்திலிருந்து கத்தரிக்கோலைக் கழற்றி, என் தோளில் கிடந்த அரக்குப் புடவையின் டேக்குக்குக் கொண்டுவந்தார். கல்யாணப் பெண் எட்டி டேக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், வெட்டாதீங்க. இதுக்காகத்தான் நாங்க இந்தக் கடைக்கு வந்தோம். டேக் இல்லன்னா புடவை வேணாம்."

அவள் அம்மா என்னையே பார்த்தாள். "உக்கார வெப்பாங்கன்னு போட்டிருந்துதே. நீ ஏம்மா வந்ததுல இருந்து நின்னுக்கினு இருக்கிற?"

முதலாளி என்னைப் பார்த்தார். 'பழக்கம்மா' என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். எல்லாம் அடங்கிவிடும். என் வேலையும் இருக்கும். வீட்டு நினைப்பு வந்தது. கூடவே ஏஞ்சல் நொண்டிக்கொண்டு போனதும் வந்தது.

"போட்டிருந்தது பொய்ம்மா," என்றேன். "ஸ்டூல் எல்லாம் கோடவுன்ல உக்காந்திருக்குது. நாங்க இங்க நிக்கிறோம். ஒருத்தி நாலு நிமிசம் அட்டப்பெட்டில உக்காந்தா, தெரியாம உக்காந்தேன்னு எழுதிக் குடுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. இன்னிக்குதான் கடைசி நாளு. அந்த டேக் அவளுக்காக."

சொல்லிவிட்டு, அரக்குப் புடவை தோளில் இருக்கும்போதே, அந்த வெள்ளை மெத்தையில் வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. முட்டி இரண்டும் சொடக்கென்று சத்தம் போட்டது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"எந்திரிம்மா," என்றார் பரசுராமன் சார்.

"மாட்டேன் சார். தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்."

எனக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எண்ணினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, பதின்மூன்று. அவரவர் கவுண்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். கங்கையம்மாள் அக்காவும் முனகிக்கொண்டே உட்கார்ந்தது, அதற்குத்தான் உட்காரவே பிடிக்காது. நாலு குடும்பத்தின் போனும் மேலே எழும்பியிருந்தது. வாடிக்கையாளர் போனைப் பெட்டியில் போடச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

முதலாளி கெட்டிக்காரர். அந்தப் போன்களைப் பார்த்தார், கல்யாணப் பெண்ணின் கையிலிருந்த டேக்கைப் பார்த்தார், கடைசியில் பரசுராமன் சாரைப் பார்த்தார்.

"ஸ்டூல் வாங்கி எவ்ளோ நாளாச்சு? ஏன்யா எடுத்துப் போடல?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். அவர்தான் கோடவுனில் வைக்கச் சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பரசுராமன் சாரைப் பார்க்கக்கூடப் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

பத்து நிமிஷத்தில் பதினைந்து ஸ்டூல் வந்தது, பாலிதீன் கவரோடு. நாங்கள் யாரும் எழுந்து அதில் உட்காரவில்லை.

"இன்னும் இன்னா?" என்றார் பரசுராமன் சார்.

"மூணாம் கவுண்டருக்கு ஆள் வரல சார். அவ வந்து உக்காந்தப்புறம் நாங்க ஸ்டூல்ல உக்கார்றோம். அதுவரைக்கும் தரையே நல்லாத்தான் இருக்குது."

அரக்குப் புடவையை அந்தப் பெண் டேக்கோடு வாங்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்கத் தரையில் உட்கார்ந்தே வியாபாரம் செய்தோம். எழுந்து அடுக்கிலிருந்து புடவை எடுப்போம், தோளில் போட்டுக் காட்டுவோம், மறுபடி உட்காருவோம். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முதலாளி கீழேயிருந்து ஏதோ சொல்லியனுப்ப, பரசுராமன் சார் ஏஞ்சலுக்குப் போன் போட்டார். "நாளைக்கு வந்துடும்மா. லெட்டர மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்துடு, பைலுக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏஞ்சல் மாடியேறி வந்தாள். நாங்கள் தரையில்தான் இருந்தோம். மரப்பெட்டியை அன்று யாரும் வைத்திருக்கவில்லை. பரசுராமன் சார் கையை நீட்டினார்.

"லெட்டர் எங்க?"

"என்ன குரூப்ல சேருங்க சார். அதுல போடறேன். அதுலதானே நீங்க போட்டீங்க?"

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். ஏஞ்சல் குழுவில் சேர்க்கப்பட்டாள் என்று எல்லோருடைய போனிலும் மணி அடித்தது. அவள் நின்ற இடத்திலேயே, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பஸ் இல்லை, பள்ளமும் இல்லை.

'கால் வலிச்சுது. தெரிஞ்சுதான் உட்கார்ந்தேன்.'

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூன்றாம் கவுண்டரின் ஸ்டூலை இழுத்து, பாலிதீன் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தாள். நாங்கள் பதினான்கு பேரும் எழுந்து போய் அவரவர் கவரைக் கிழித்தோம்.